ஒரே வருஷத்துச் சைக்கிள்

அன்று கண்டிக்குப் பக்கத்தில், கெலிஓயாச் சைக்கிள் கடைக்குள் நாலு பேர் இருந்தோம். நான், நானா என்று நான் கூப்பிடும் முஸ்லிம் கடைக்காரர், சைக்கிளைக் கொண்டுவந்த ஓர் அக்கா, அவருடைய தம்பி. தம்பி என்றாலும் எனக்கு அண்ணன் வயது. சொந்த ஆட்டோ ஓட்டுகிறவர். சைக்கிளின் சொந்தக்காரர் மட்டும் வரவில்லை. அது அவர்களுடைய அப்பாவின் சைக்கிள். எண்பதைத் தாண்டியவர், ஆனால் நடமாட்டமாகத்தான் இருக்கிறார் என்றார்கள். அப்படியென்றால் ஏன் கூட்டிக்கொண்டு வரவில்லை என்று கேட்டேன். அக்கா தம்பியைப் பார்த்தார். தம்பி ரோட்டைப் பார்த்தார். எனக்குச் சந்தேகம் பிடித்தது அந்த இடத்தில்தான்.

இந்த வேலையில் சந்தேகப்படாவிட்டால் பிழைக்க முடியாது. வார நாட்களில் நான் கண்டியில் ஓர் அலுவலகத்தில் கிளார்க். சனிக்கிழமைகளில் நானாவின் கடைக்கு வந்துவிடுவேன். நானா பழைய சைக்கிள்களைக் கழற்றிப் பூட்டி ஓட வைப்பார். அது எந்தக் கம்பெனி, எந்த வருஷம், எந்தச் சாமான் அதோடு கூடவே பிறந்தது, எது பிறகு வந்து ஒட்டிக்கொண்டது என்று பார்த்துச் சொல்வது என் பங்கு. இங்கிலீஷில் கிடக்கும் பழைய விலைப் பட்டியல்களையும் படங்களையும் கைபேசியில் தேடித் தேடிப் படித்ததில் வந்த பழக்கம். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுசாக முடித்த முதல் ஆள் நான்தான். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் நாலு வருஷம் படித்துவிட்டு கிறீஸ் கையோடு வீட்டுக்குப் போனால் அம்மா, "இதுக்கு அஞ்சாம் வகுப்போடயே அந்தக் கடையில விட்டிருக்கலாமே, பஸ் காசாவது மிஞ்சியிருக்கும்" என்பார்.

முன்பெல்லாம் பழைய சைக்கிள் என்றால் இரும்புக்காரனுக்குத்தான் போகும். இப்போது கண்டியில் ஹோட்டல்காரர்கள் வாசலில் பூச்சட்டியோடு நிறுத்தி வைக்கத் தேடுகிறார்கள். கொழும்பிலிருந்து சேகரிப்பவர்கள் வருகிறார்கள். விலை ஏறியதும் பொய்யும் கூடவே ஏறியது. இந்தியச் சைக்கிளில் இங்கிலாந்து முத்திரையை ஒட்டிக் கொண்டுவருவார்கள். ஒட்டிய ஸ்டிக்கர் புதிதாகத் தெரியக்கூடாது என்று தேயிலைச் சாயத்தில் ஊறவைத்திருப்பார்கள். உப்புத் தண்ணீர் தெளித்துத் துருப்பிடிக்க வைத்த ஹேண்டில்களைப் பார்த்திருக்கிறேன். அதனால் ஒரு சைக்கிள் கடைக்குள் வந்தால் நான் முதலில் பார்ப்பது சைக்கிளை அல்ல, கொண்டுவந்தவரின் முகத்தை.

இவர்கள் கொண்டுவந்தது கறுப்பு நிறத்தில், தங்கக் கோடு போட்ட, இங்கிலாந்துச் சைக்கிள். டோர்ச்சை அடித்துக்கொண்டு குனிந்தேன். சீட்டுக்குக் கீழே பிரேமில் குத்தியிருந்த இலக்கத்தைத் துணியால் துடைத்துப் படித்தேன். அந்தக் கம்பெனியின் இலக்கங்களை வைத்து வருஷத்தை அச்சொட்டாகச் சொல்ல முடியாது. ஐம்பதுகளின் தொடக்கம் என்று ஒரு மட்டுக்குச் சொல்லலாம். பின் சில்லின், அதாவது பின் சக்கரத்தின், நடுவில் இருந்தது மூன்று கியர் ஹப். அதில் வருஷத்தையே குத்தியிருப்பார்கள். டீசல் துணியால் துடைத்ததும் 52 என்று வந்தது. முன் ஹப்பும் அதே கம்பெனி. மிதியோடு சுற்றும் பல் சில்லில் அந்தக் கம்பெனி வழக்கமாக வெட்டும் கொக்குத் தலைகள் இருந்தன. சங்கிலியை முழுசாக மூடுகிற செயின் பொக்ஸ், எண்ணெய் விடும் மூடியோடு. பின் மட்கார்ட்டில் அந்தக் காலத்து வெள்ளைப் பட்டை. எல்லாம் ஒரே வீட்டுப் பிள்ளைகள் மாதிரி இருந்தன.

"எப்படித் தம்பி? எல்லாம் ஒரே வருஷம்தானே?" என்றார் ஆட்டோ அண்ணன்.

நான் இன்னும் வாயைத் திறக்கவில்லை. சைக்கிள் கொண்டுவருகிறவர்கள் 'பழசா?' என்று கேட்பார்கள், 'என்ன வெல போகும்?' என்று கேட்பார்கள். ஒரே வருஷமா என்று கேட்பது வியாபாரிகளின் கேள்வி.

அக்கா குறுக்கே வந்தார். "இல்ல தம்பி, நல்லாப் பாருங்க. எல்லாம் ஒண்ணா இருக்காது. ஏதாவது ஒண்ணு ரெண்டாவது வேற வேறயா இருக்கணுமே."

"இருக்கணுமா?"

"இருக்கும்னு சொன்னேன்."

"ஆளுக்கொரு மாதிரிக் கேக்குறீங்க" என்றார் நானா, டியூபை வாளித் தண்ணீரில் அமுக்கியபடியே. பல்கலைக்கழகம் போனவன் என்பதால் நான் அவருக்குக் கெம்பஸ் தம்பி. "கெம்பஸ் தம்பி, நீ இத ரெண்டு சைக்கிளாப் பிரிச்சி ரெண்டு பேருக்கும் குடுத்திரு. பிரச்சினை முடிஞ்சி."

ஒரே சைக்கிளைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு ஒருவர் ஒரே வருஷமாக இருக்க வேண்டும் என்கிறார், மற்றவர் இருக்கவே கூடாது என்கிறார். தம்பி ஆசைப்படுவது புரிந்தது. எல்லாச் சாமானும் சேர்ந்தே பிறந்த சைக்கிள் என்றால் ஒரு லட்சத்துக்கு மேல் போகும். கலவை என்றால் பாதிகூடத் தேறாது. ஆனால் அக்கா ஏன் கலவையாக இருக்க வேண்டும் என்கிறார்? தம்பியை ஏமாற்றிக் குறைந்த விலைக்குத் தானே எடுத்துக்கொள்ளப் பார்க்கிறாரோ என்று நினைத்தேன்.

"எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் எல்லாம் ஒரே செட்டு" என்று சொன்னேன்.

ஆட்டோ அண்ணன் கையைத் தட்டினார். அக்கா அங்கே கிடந்த கதிரையில் உட்கார்ந்துவிட்டார். முகம் வெளுத்துப் போயிருந்தது. நானா டியூபைக் கீழே போட்டுவிட்டுப் போத்தல் தண்ணீரைக் கொண்டுவந்து கொடுத்தார்.

"அப்ப எங்கப்பா கள்ளன்தானா?" என்றார் அக்கா. யாரிடம் கேட்டார் என்று தெரியவில்லை.

"அந்தக் கதைய இப்ப எதுக்கு இங்க?" என்றார் தம்பி.

"வேற எங்க சொல்றது?"

அவர் சொன்னதை அவர் சொன்ன வரிசையிலேயே எழுதுகிறேன். அவர்களுடைய அப்பா ஒரு தோட்டத்தில் தப்பால்காரர். தினமும் தபால் கந்தோருக்கு நடந்துபோய்த் தோட்டத்துக் கடிதங்களை எடுத்துக்கொண்டு வருகிற வேலை. வெள்ளைக்காரத் துரை ஊருக்குப் போனபோது தன் சைக்கிளைப் பங்களாக் களஞ்சியத்தில் விட்டுவிட்டுப் போனார். தோட்டத்தை அரசாங்கம் எடுத்த பிறகு ஒரு நாள் பார்த்தால் களஞ்சியத்தில் அந்தச் சைக்கிள் இல்லை. யார் எடுத்தது என்று கடைசி வரைக்கும் தெரியவில்லை. பங்களாக் காவக்காரரை வேலையை விட்டு நிறுத்தினார்கள். இரண்டு மூன்று வருஷம் போனது. அதற்குள் தோட்டத்தை விட்டு இறங்கி டவுன் பக்கம் வந்துவிட்ட தப்பால்காரர் ஒரு திருவிழாவுக்குத் தோட்டத்துக்குப் போனார், கறுப்பு நிற, தங்கக் கோடு போட்ட சைக்கிளில். அன்றிலிருந்து அவருக்கு அங்கே 'சைக்கிள் கள்ளன்' என்று பேர்.

"துரை சைக்கிளத் துண்டு துண்டாக் கழட்டி, கடிதச் சாக்குக்குள்ள போட்டு, ஒவ்வொரு நாளா வெளியில கொண்டுபோயிட்டாருன்னு சொன்னாங்க" என்றார் அக்கா. "அப்பா சொன்னது வேற. பிரேம ஒரு இடத்துல, சில்ல ஒரு இடத்துல, சம்பளம் வர்ற நேரமெல்லாம் கண்டியில துண்டு துண்டா வாங்கிப் பூட்டினேன்னு சொன்னாரு. யாரு நம்புறது? ரெண்டுமே துண்டு துண்டுதானே."

நானா 'ச்ச்' என்றார். நான் சைக்கிளைப் பார்த்தேன். துரையின் சைக்கிளைக் கழற்றி எடுத்திருந்தால் எல்லாச் சாமானும் ஒரே வருஷமாக இருக்கும். கடை கடையாக வாங்கியிருந்தால் வருஷங்கள் கலந்திருக்கும். இந்த மாதிரி ஒரு சந்தேகத்தைத் தீர்க்கிற சாட்சி சைக்கிளைத் தவிர வேறு இல்லை. அந்தச் சாட்சி இப்போது அப்பாவுக்கு எதிராகப் பேசிவிட்டது. பேச வைத்தவன் நான்.

"இத்தன வருஷம் விட்டுட்டு இப்ப எதுக்கு?" என்று கேட்டேன்.

அக்காவின் மகளுக்கு ஒரு சம்பந்தம் வந்திருந்தது. பேராதனையில் வேலை செய்கிற பையன். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துப் பிடித்துப் போனவர்கள். பையனின் தாத்தாதான் அந்தப் பழைய காவக்காரர். 'எந்த வீட்டுச் சைக்கிளால எனக்கு வேல போச்சோ அந்த வீட்ல இருந்து பொண்ணு எடுக்க மாட்டேன்' என்று சொல்லிவிட்டாராம். அக்கா அவரிடமே நேரில் போய், 'வாங்க, சைக்கிளப் பார்த்துட்டுச் சொல்லுங்க, படிச்ச ஆளு ஒருத்தரையும் வச்சுக் காட்டுறேன்' என்று சவால் விட்டுவிட்டு வந்திருக்கிறார். அடுத்த சனிக்கிழமை கிழவர் கடைக்கு வருகிறார். அதற்கு முன்னால் தானே ஒரு முறை தெரிந்துகொள்ள வேண்டும் என்று அப்பாவிடம் சொல்லாமல், ரிப்பேருக்கு என்று தம்பி போன கிழமையே வாங்கி வைத்திருந்ததை எடுத்து வந்திருக்கிறார்.

"தொரை சைக்கிள்ல என்ன என்ன இருந்ததுன்னு காவக்காரரு இன்னும் சொல்லுவாரு" என்றார் அக்கா. "மூணு கியர், செயின மூடின பொக்ஸுன்னு. நான் சின்னதுல பார்த்தப்ப எங்க சைக்கிள்ல பொக்ஸ் இருந்த மாதிரியே ஞாபகம் இல்ல. ஆனா இப்ப இருக்கே. எனக்கே என்மேல சந்தேகம் வந்துருச்சு."

முன்பு பொக்ஸ் இருந்த ஞாபகம் இல்லை என்று கேட்டதும் டோர்ச்சை மறுபடி எடுத்தேன்.

இந்த முறை இருக்கிற சாமான்களைப் பார்க்கவில்லை, அவை உட்கார்ந்திருந்த இடங்களைப் பார்த்தேன். பழைய பெயிண்ட் வெயிலிலும் மழையிலும் மங்கும். ஆனால் ஒரு கிளிப்போ பட்டியோ பல வருஷம் இறுக்கிக்கொண்டிருந்த இடத்தில் மட்டும் பெயிண்ட் அன்று அடித்த மாதிரிப் பளபளவென்று இருக்கும். கியர் கம்பியைப் பிடிக்கிற கிளிப்பைத் தளர்த்தி நகர்த்தினேன். அடியில் மற்ற இடத்தைப் போலவே மங்கல். கூடவே பல வருஷத்து அழுக்கு. அந்தக் கிளிப் அங்கே வந்து ஒரு மாதம்கூட ஆகியிருக்காது. பிறகு செயின் பொக்ஸைக் கழற்றச் சொன்னேன். நானா கழற்றினார். பின்னால் போகும் குழாயில், இப்போது எதுவுமே பூட்டியிருக்காத ஒரு இடத்தில், இரண்டு பட்டை அளவுக்குக் கண்ணாடி மாதிரிப் பெயிண்ட். அங்கே பாதிச் செயின் கவர் ஒன்று நெடுங்காலம் இருந்திருக்கிறது.

"அண்ணன்" என்றேன், "பழைய கவர் எங்க?"

"எந்தக் கவர்?"

"இதுல இருந்தது."

"எனக்கு என்ன தெரியும்? சைக்கிள் எங்கப்பாவோடது."

"பின் சில்லோட கம்பி எல்லாம் புதுசாப் பூட்டியிருக்கே. மிதிக்கட்டையப் புடிக்கிற கோட்டர் ஆணியில சுத்தியல் தழும்பு இன்னும் வெள்ளையா இருக்கு."

"நீங்க என்ன தம்பி பொலிஸா?"

"அட, பொலிஸ் எண்டா டீ வாங்கிக் குடுத்தா பேயிடும்" என்றார் நானா. "இவன் பேக மாட்டான். செல்லிருங்க."

அக்கா எழுந்து தம்பிக்கு முன்னால் போய் நின்றார். அவர் பெரிய ஆஸ்பத்திரியில் அட்டெண்டன்ட் வேலை செய்கிறவர். நோயாளிகள் மருந்தைக் கட்டிலுக்கு அடியில் போட்டுவிட்டுக் குடித்துவிட்டோம் என்று சொல்லும்போது இப்படித்தான் நிற்பார் போல.

"கலகெதரயில குடுத்து மாத்தினேன்" என்றார் தம்பி.

ஒன்றொன்றாக வந்தது. அவரும் கைபேசியில் பார்த்திருக்கிறார். ஒரே வருஷத்துச் சாமான் என்றால் இரட்டை விலை என்று யாரோ ஒருவர் காணொளியில் சொல்லியிருக்கிறார். கலகெதரயில் பழைய சாமான் கடை வைத்திருக்கும் ஒரு முதலாளியிடம் பிரேம் இலக்கத்தைக் காட்டி, அதற்குப் பொருத்தமான ஹப், பல் சில்லு, செயின் பொக்ஸ், மட்கார்ட் எல்லாவற்றையும் நாற்பத்து இரண்டாயிரம் ரூபாய்க்கு வாங்கிப் பூட்டியிருக்கிறார். அப்பாவின் சாமான்களை அங்கேயே விட்டுவிட்டு வந்திருக்கிறார். நல்ல விலைக்கு விற்று அப்பாவின் கண் ஒப்பரேஷனுக்கும் அக்கா மகள் கல்யாணத்துக்கும் கொடுக்கலாம் என்று நினைத்ததாகச் சொன்னார். அதில் எவ்வளவு உண்மை என்று எனக்குத் தெரியாது. சம்பந்தம் சைக்கிளில் தொங்கிக்கொண்டு நிற்பது அவருக்குத் தெரியும். ஆனால் துரையின் சைக்கிளில் இருந்தது மூன்று கியரும் செயின் பொக்ஸும் என்று அவருக்குத் தெரியாது. அப்பாவை அந்தப் பேச்சிலிருந்து காப்பாற்றுவதாக நினைத்து வீட்டில் அந்தக் கதையையே யாரும் முழுசாகப் பேசியதில்லை.

"ஏன்டா" என்றார் அக்கா, "ஊரே சேர்ந்து அம்பது வருஷமா எங்கப்பாவக் கள்ளனாக்க முடியல. நீ ஒரு கிழமையில ஆக்கிட்டியே."

அடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை. ஆட்டோவில் கலகெதரக்குப் போனோம். தம்பி முன்னால், அக்காவும் நானாவும் நானும் பின்னால் நெருக்கியடித்துக்கொண்டு. கழற்றிய புதுச் சாமான்கள் எங்கள் காலடியில் ஒரு உரப் பைக்குள் கிடந்து ஒவ்வொரு வளைவிலும் கலகலத்தன.

முதலாளி நானாவைக் கண்டதும் தோளில் தட்டிச் சிரித்தார். இருவரும் சிங்களத்தில் நலம் விசாரித்துக்கொண்டார்கள். என் சந்தேகம் உடனே அந்தப் பக்கம் திரும்பிவிட்டது. அந்த ஹப்பில் இருந்த பச்சைக் கிறீஸைப் போலவே எங்கள் கடையிலும் ஒரு டின் இருக்கிறது. இந்தச் சாமான்களில் ஏதாவது நானா கைவழியாக இங்கே வந்ததோ? நான் பார்த்த பார்வை அவருக்கு விளங்கிவிட்டது.

"என்னையும் டோர்ச் அடிச்சிப் பாக்கப் போறியா?" என்று தமிழில் கேட்டார். "பாத்துக்கோ. இவர்ட்ட நான் வாங்கினது ரெண்டு பெல்லு மட்டும்தான். அதுல ஒண்டு அடிக்காது."

முதலாளி எங்களைப் பார்த்த விதத்தைச் சொல்ல வேண்டும். விற்ற சாமானைத் திருப்பிக் கொடுக்க வருகிறவர்களை அவர் பார்த்திருப்பார். ஆனால் துருப்பிடித்த இந்தியச் சில்லையும் நெளிந்த செயின் கவரையும் திருப்பிக் கேட்டு நாலு பேர், அதில் ஒருவன் கழுத்தில் டோர்ச்சும் கையில் விட்டம் அளக்கிற கவையுமாக, ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து நின்றால் யாருக்குத்தான் சந்தேகம் வராது? அந்தச் சாமான்கள் கடைக்குப் பின்னால் தகரக் குவியலின் மேலேயே கிடந்தன. முதல் நாள் வரைக்கும் அவற்றுக்கு இரும்பு விலைதான். என்னைக் கண்டதும் அவர் உள்ளே போய் அந்தப் பின் சில்லைத் தூக்கிக்கொண்டு வந்து, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஹப்பை விரலால் சுரண்டினார்.

"இதில் என்ன இருக்கிறது, மல்லி?" என்று என்னிடம் சிங்களத்தில் கேட்டார். மல்லி என்றால் தம்பி.

"ஒன்றும் இல்லை."

அதுதான் நான் செய்த முட்டாள்தனம். ஒன்றும் இல்லை என்று படித்தவன் சொன்னால் நிச்சயம் ஏதோ இருக்கிறது என்று அவர் முடிவு செய்துவிட்டார். அக்கா உண்மையைச் சொல்லிப் பார்த்தார், அரைகுறைச் சிங்களத்தில், எங்கப்பாவின் சைக்கிள், ஒரு கல்யாணப் பேச்சு என்று. அவர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். அவ்வளவு நல்ல கதையை இரும்புக்காக யார் கட்டுவார்கள் என்று நினைத்திருப்பார். விலையை இன்னும் கூட்டினார்.

தம்பி அவரோடு சண்டைக்குப் போனார். நானா இழுத்து நிறுத்தினார். கடைசியில் தம்பி வாங்கிய சாமான்களை முதலாளி இருபதாயிரத்துக்குத் திருப்பி எடுத்துக்கொண்டார். அப்பாவின் பழைய சாமான்களுக்குப் பதினெண்ணாயிரத்து ஐந்நூறு கேட்டார். அக்கா எண்ணிக் கொடுத்தார். ஆட்டோவில் திரும்பும்போது அந்தப் பின் சில்லை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். சேலையெல்லாம் துரு.

கடையில் அவற்றைப் பரப்பி வைத்துப் பார்த்தபோதுதான் எனக்கு மூச்சு வந்தது. பின் ஹப் இந்தியாவில் செய்தது. முன் ஹப் இங்கிலாந்து, ஆனால் வேறு கம்பெனி, பிரேமைவிடப் பழசு. பல் சில்லு வெட்டு ஒன்றும் இல்லாத சாதாரணச் சில்லு. முன் மட்கார்ட் ஒரு வளைவு, பின் மட்கார்ட் வேறு வளைவு. நாலைந்து சைக்கிள்கள் செத்து இந்தச் சைக்கிள் பிறந்திருக்கிறது. சேகரிப்பவர்கள் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். பாதிச் செயின் கவரை எடுத்து அந்தப் பளபளப்பான இரண்டு பட்டைகளின் மேல் வைத்தேன். இம்மி பிசகாமல் பொருந்தியது.

சனிக்கிழமை காவக்காரர் வந்தார். மெலிந்த மனிதர். வெள்ளைச் சட்டை, கோட்டு, கையில் குடை. பேரன் கூட்டிவந்து விட்டுவிட்டு பஸ் ஹோல்ட்டில் போய் நின்றுகொண்டான். கதிரை போட்டோம், உட்காரவில்லை. நானா வாங்கிவைத்த பிளேன் டீ ஆறிக்கொண்டிருந்தது.

சைக்கிளைச் சுற்றி ஒரு முறை நடந்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"நீங்கதான் படிச்ச ஆளா?"

"ஆமாங்க."

"எவ்வளவு குடுத்தாங்க?"

"ஒண்ணும் குடுக்கலிங்க."

"அப்ப இனிமேத்தான் குடுப்பாங்க. சரி, சொல்லுங்க."

நான் சொன்னேன். ஒவ்வொரு சாமானையும் தொட்டுக் காட்டி, இது எந்த நாடு, எந்தக் கம்பெனி, ஏறக்குறைய எந்தக் காலம் என்று. நான் முடித்ததும், "கள்ளன்னா சாமானை மாத்தாமயா வச்சிருப்பான்?" என்றார்.

இந்தக் கேள்வி வரும் என்று எனக்குத் தெரியும். நானே அந்தக் கிழமை முழுதும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"மாத்தலாங்க. ஆனா துரை சைக்கிள்ல கியர் இருந்ததுன்னு நீங்கதான் சொன்னீங்க. எத்தன வருஷம் ஓட்டினாரு?"

"நான் வேலைக்கு வந்தப்பவும் ஓட்டினாரு. போறவரைக்கும் ஓட்டினாரு."

"அப்ப அந்த கியர்க் கம்பியப் புடிக்கிற கிளிப் இந்தக் குழாயில அத்தன வருஷமும் இருந்திருக்கணும். இருந்திருந்தா இந்த இடம் இப்படி மின்னும்." செயின் கவரின் பட்டையைத் தளர்த்தி அடியில் இருந்த பளபளப்பைக் காட்டினேன். பிறகு மேல் குழாயைக் காட்டினேன். "இங்க முழுக்கத் தடவிப் பாருங்க."

அவர் கண்ணை நம்பவில்லை. பெருவிரலை வைத்து அந்தக் குழாயை ஒரு முனையிலிருந்து மறு முனை வரைக்கும் மெதுவாகத் தடவினார். திரும்பவும் தடவினார்.

"பெயிண்ட் புதுசா அடிச்சிருந்தா?"

"அடிச்சிருந்தா இந்தத் தங்கக் கோடும் மேல அடிச்ச மாதிரி இருக்கும். அது கம்பெனிக் கோடு. பாதி தேஞ்சு போயிருக்கு, பாருங்க. இந்த இலக்கத்து மேலயும் பழைய பெயிண்ட்தான்."

"அப்படின்னா தொரை சைக்கிள் எங்க?"

ஆட்டோ அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். எனக்கும் அந்தக் கேள்வி இன்னும் இருக்கிறது. யாரோ ஒருவர் எடுத்தார். அந்த யாரோ ஒருவர் இந்தக் காவக்காரராகவே இருந்திருந்தால் என்றுகூட அப்போது ஒரு கணம் என் புத்தி போனது. இந்த வேலை ஒருவனை இப்படித்தான் ஆக்கிவிடுகிறது. அவர் முகத்தைப் பார்த்தேன். அதில் வேலை போன ஒரு மனிதரைத் தவிர வேறு யாரும் இல்லை.

அவர் குடையைச் சைக்கிள் கரியரில் வைத்துவிட்டு ஹேண்டிலைப் பிடித்தார். கடை வாசல் வரைக்கும் உருட்டிக்கொண்டு போனார், திருப்பிக் கொண்டுவந்தார். பங்களாக் கேட்டிலிருந்து துரையின் சைக்கிளைத் தினமும் உருட்டிக்கொண்டு போய் நிறுத்திய கை அது.

"பாரம் வேற" என்றார். "அது இன்னும் பாரம். இது தொரை சைக்கிள் இல்ல."

அக்கா அழவில்லை. "அப்ப, பெரியவரே?" என்றார்.

"என்ன அப்ப? சைக்கிளப் பத்தித்தானே கேட்டீங்க, சொல்லிட்டேன்." குடையை எடுத்துக்கொண்டார். வாசலில் நின்று திரும்பினார். "ஒங்கப்பாரு இன்னும் வெத்தல போடுறாரா?"

"போடுறாருங்க."

"பல்லு?"

"நாலஞ்சு இருக்குங்க."

"எனக்கு அதுவும் இல்ல." "வர்ற வெள்ளிக்கெழம பொண்ணு பாக்க வர்றோம். அஞ்சு பேரு. சும்மா டீயக் குடுத்து அனுப்பிறாதீங்க. நான் ஒங்கப்பாரு பக்கத்துல ஒக்காந்து கை நனைச்சிட்டுத்தான் போவேன்."

அவர் போன பிறகு நானா ஆறிப்போன பிளேன் டீயைத் தானே குடித்தார். "கிழவன் இன்னும் முழுசா நம்பல்ல" என்றார். "நம்பாமலே வாறான். அதுவும் நல்லதுதான்."

ஆட்டோ அண்ணன் சைக்கிளை ஏற்றக் கயிறு தேடினார். அக்கா வேண்டாம் என்றார். அப்பா கேட்டால் ரிப்பேர் முடிந்தது என்று சொல்ல வேண்டும், அதனால் ஓட்டிக்கொண்டு போ என்றார். நாற்பது வயதைத் தாண்டிய மனிதர் அந்த வெயிலில் ஏறி மிதித்தார். கம்பளை ரோட்டில் பஸ்களுக்கு ஓரமாகப் போவதை நாங்கள் பார்த்துக்கொண்டு நின்றோம்.

பிறகு அக்கா மணிபர்ஸைத் திறந்து கணக்குப் பார்த்தார். தம்பி முதலில் கொடுத்த நாற்பத்து இரண்டாயிரம், அதில் திரும்பி வந்த இருபதாயிரம், பழைய சாமானுக்குக் கொடுத்த பதினெண்ணாயிரத்து ஐந்நூறு. நானா கூலி எடுக்கவில்லை. இரண்டு டியூப், ஒரு செட் பிரேக் கட்டை, கிறீஸ் எல்லாவற்றுக்கும் சேர்த்து மூவாயிரத்து இருநூறு மட்டும் வாங்கிக்கொண்டார். தங்கள் அப்பா துண்டு துண்டாக வாங்கிய சைக்கிளை மறுபடியும் துண்டு துண்டாக வாங்கியதற்கு அவர்களுக்கு ஆன மொத்தச் செலவு நாற்பத்து மூவாயிரத்து எழுநூறு ரூபாய்.